மேலே பார்க்கும் கண்

மூன்றாவது முறையும் ட்ரோன் தன் போக்கில் போனபோது, ஸுவைனா இலந்தை மரத்தடியில் குனிந்து மகரந்தத்தூளோடு மாவு கலந்துகொண்டிருந்தாள். இறக்கைகளின் ஓசை மாறியது முதலில் காதில்தான் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். வீடுகளை ஒட்டிய வரிசையில், பேரீச்சையின் உச்சிக்கு நேராக நின்று மகரந்தம் தூவ வேண்டிய ட்ரோன், யாரோ தோளைப் பிடித்துத் தள்ளியதுபோல் பக்கவாட்டில் நகர்ந்தது. ரிமோட்டைக் கையில் வைத்திருந்த அவள் அண்ணன் முந்திர், "ஏய், எங்க போற, எங்க போற" என்று ஆட்டை விரட்டுவதுபோல் கத்தினான். ட்ரோன் ஒரு மட்டையில் மோதி, சுழன்று, வாய்க்கால் கரையில் விழுந்தது. ஒரு கால் ஒடிந்திருந்தது.

எதிர் வீட்டு மாடியிலிருந்து கைதட்டல் கேட்டது.

"மாஷா அல்லாஹ்! இப்பவும் என் பூஸ்டர்தான் காரணமா?" கல்ஃபான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். "நீங்க சொன்னீங்கன்னு நேத்தே அணைச்சுட்டேன். மலேசியாவுல படிக்கிற பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசணும்னா மலை ஏற வேண்டியிருக்கு. அடுத்து யாரு மேல பழி போடுவீங்க? என் ஆடு மேலயா?"

"ஆடு மேலயும் சந்தேகம் இருக்கு மாமா, விசாரிச்சுட்டு இருக்கோம்" என்றான் முந்திர். ஆனால் அவன் முகம் வெளுத்திருந்தது.

முதல் தடவை எலுமிச்சை மரத்துக்குள் போய் உட்கார்ந்தது. இரண்டாம் தடவை கல்ஃபான் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போய் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது. மூன்றும் ஊரின் ஒரே பக்கத்தில், வீடுகளை ஒட்டி நடந்தவை. தோப்பின் நடுவிலும் மலையடி வரிசையிலும் அதே ட்ரோன் இம்மி பிசகாமல் வேலை செய்தது. ஸுவைனா இரண்டு விபத்துகளின் பறப்புப் பதிவுகளையும் லேப்டாப்பில் இறக்கி, ஜிபிஎஸ் தடுமாறிய இடங்களை வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாக வைத்துப் பார்த்திருந்தாள். புள்ளிகள் கல்ஃபானின் வீட்டைச் சுற்றி ஈ மொய்த்ததுபோல் மொய்த்தன. அவர் கூரையில் மொபைல் சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் ஒன்று கம்பத்தில் நின்றது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தாள். அணைக்கச் சொன்னாள். அவர் அணைத்தார். இதோ, மறுபடியும் விழுந்தது.

ஃபலஜ் வாய்க்காலின் பொறுப்பாளர் சைஃப் பின் ஹிலால் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, கரையில் கிடந்ததைப் பார்த்தார். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"மகளே, வீட்டுப் பக்கத்து மரமெல்லாம் வாய்க்காலுக்கு வக்ஃப் செஞ்ச மரம். நகால் ரகம், முதல்ல பூக்கிறது. பாளை வெடிச்சுடுச்சு. இந்தக் காத்துல ரெண்டு மூணு நாள்ல காஞ்சுடும். மரம் ஏறுறவங்க எல்லாம் பெரிய பண்ணையில மாட்டிக்கிட்டாங்க, வர மாட்டாங்க. இதெல்லாம் உனக்குத் தெரியும்."

"தெரியும் மாமா."

"நாளைக்கு அஸர் தொழுகைக்கப்புறம் ஊர்க்கூட்டத்துக்குச் சப்லாவுல உக்காருறோம். இது யாரு வீட்டு முற்றத்துலயாவது விழுந்து ஒரு குழந்தைக்கு அடிபட்டா நான் பதில் சொல்லணும். காரணம் என்னன்னு தெரிஞ்சா வந்து சொல்லுங்க. தெரியலைன்னா..." அவர் தடியை ஊன்றித் திரும்பி நடந்தார்.

தெரியவில்லை என்றால் இந்த ஊரில் வேலை முடிந்தது. பஹ்லாவைச் சுற்றியுள்ள ஊர்களில் செய்தி காப்பி ஆறுவதற்குள் பரவிவிடும். மஸ்கட்டில் இருந்த வேலையை விட்டுவிட்டு அண்ணனும் தங்கையும் கட்டிய ட்ரோன் இது. ஆனால் ஸுவைனாவின் மனதில் அதைவிட அதிகமாக உறுத்தியது நஸ்ரா மாமியின் முகம். அவர் கணவர் ஹமூத் போன வருடம் இதே பருவத்தில், இதே வரிசையில், மகரந்தம் வைக்க ஏறி மரத்திலிருந்து விழுந்து, அன்றிலிருந்து கைத்தடியோடு நடப்பவர். "இனி இந்த ஊர்ல ஒரு ஆம்பளையும் அந்த உயரத்துக்குப் போக வேண்டாம், அந்தப் பொண்ணோட எந்திரம் போகட்டும்" என்று வீடு வீடாகப் போய்ப் பெண்களைச் சம்மதிக்க வைத்தவர் நஸ்ராதான்.

*

"பஹ்லாப் பக்கம்னா அப்படித்தான். ஜின்னு ஒண்ணு ட்ரோன் ஓட்டக் கத்துக்கிட்டு இருக்கு. நம்மகிட்ட லைசென்ஸ் காட்டல, அவ்வளவுதான்" என்றான் முந்திர். இலந்தை மரத்தடியில் விரித்த பாயில் உட்கார்ந்து, ஒடிந்த காலுக்குப் பதில் புதியதைத் திருகிக்கொண்டிருந்தான்.

"நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?"

"சும்மா இருந்தா எனக்கு அழுகை வருது. அதான் பேசறேன்."

ஸுவைனா சிரிக்கவில்லை. மூன்றாவது பறப்பின் பதிவைத் திறந்தாள். இதுவரை அவள் பார்த்தது இரண்டே கோடுகள். எத்தனை செயற்கைக்கோள்கள் தெரிகின்றன என்பது ஒன்று, இருக்கும் இடத்தை ட்ரோன் எவ்வளவு உறுதியாக அறிகிறது என்பது மற்றொன்று. இரண்டும் வீட்டுப் பக்கம் சரிந்தன. சரிந்தது தெரியும், ஏன் சரிந்தது என்பதை அந்தக் கோடுகள் சொல்லவில்லை. வரைபடத்தில் புள்ளி வைத்ததும் எங்கே என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. அதையே ஏன் என்பதற்கும் பதிலாக எடுத்துக்கொண்டு ஒரு மனிதரின் கூரையைக் கைகாட்டியிருக்கிறாள். அது இப்போதுதான் உறைத்தது.

அவள் இரைச்சல் அளவைக் காட்டும் கோட்டை விரித்தாள். பூஸ்டரோ, வளைகுடாவில் போகும் கப்பல்களோ, வேறு எதுவோ ஜிபிஎஸ்ஸைக் குழப்பினால் அந்தக் கோடு எகிற வேண்டும். அது விரித்த பாயைப்போல் சமமாகக் கிடந்தது. தோப்பின் நடுவில் எப்படியோ, அப்படியே வீட்டுப் பக்கத்திலும்.

"அண்ணே, இங்க வா. சப்லாவுல சைஃப் மாமா பேசறது உனக்குக் கேக்கலைன்னு வை. எதனால கேக்காது?"

"அவர் பேசினா யாருக்குத்தான் கேக்கும்?"

"சொல்லு."

"சுத்தி எல்லாரும் கத்திட்டு இருந்தா கேக்காது."

"இங்க யாருமே கத்தல. பாரு, இரைச்சல் துளிகூட இல்ல. அப்படின்னா?"

முந்திர் திருப்புளியால் தலையைச் சொறிந்தான். "அப்படின்னா மலை மறைக்குது."

அதையும் அவள் பார்த்தாள். மலை மேற்கில் இருக்கிறது. மறைத்தால் மேற்கு வானத்தில் தாழ்ந்து நிற்கும் செயற்கைக்கோள்கள் மட்டும் காணாமல் போக வேண்டும். பதிவில் ஒவ்வொரு செயற்கைக்கோளின் சமிக்ஞை வலுவும் தனித்தனியாக இருந்தது. கிழக்கு, மேற்கு, தலைக்கு நேர் மேலே என்று எல்லாமே ஒரே மாதிரி தளர்ந்திருந்தன. தலைக்கு நேர் மேலே நிற்பதுதான் எல்லாவற்றையும்விட மோசமாகத் தளர்ந்திருந்தது. அதை எந்த மலை மறைக்கும்?

"காது மேல சட்டியைக் கவுத்த மாதிரி இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பிறகு பதிவைப் பின்னோக்கி நகர்த்தினாள். வீட்டுப் பக்கம் போகும் வழியில் எந்த இடத்தில் வலு குறையத் தொடங்குகிறது என்று பார்க்க நினைத்தாள். வாய்க்காலைத் தாண்டும்போது குறைந்தேயிருந்தது. எலுமிச்சை வரிசைக்கு முன்பும் அப்படித்தான். இன்னும் பின்னால் போனாள். ட்ரோன் தரையை விட்டு எழும்பும் கணத்திலேயே வலு குறைந்திருந்தது.

எழும்பிய இடம் இதே இலந்தை மரத்தின் அருகிலிருக்கும் இந்தக் களம். தோப்பின் நடுவுக்குப் போன முந்தைய பறப்பும் இதே களத்திலிருந்துதான் எழும்பியது. அதில் எல்லாச் செயற்கைக்கோள்களும் உரக்கப் பேசின. மற்ற இரண்டு விபத்துப் பதிவுகளையும் திறந்தாள். அவையும் அதே கதையைச் சொல்லின. தோப்பின் நடுவிலிருந்து திரும்பி இறங்கும்போது நன்றாக இருக்கிறது, மறுபடி எழும்பும்போது செவிடாக இருக்கிறது. அந்தச் செவிட்டிலும் பறக்க அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவு எட்டிவிடுவதால் பச்சை விளக்கு எரிகிறது, அண்ணன் கிளப்புகிறான். காற்றில் ஒரு பக்கம் சாய்ந்ததும் மீதிப் பிடியும் நழுவுகிறது. தான் இருக்கும் இடத்தைத் தவறாக நினைத்துக்கொண்டு, சரிசெய்வதாக எண்ணிப் பக்கவாட்டில் ஓடுகிறது.

"இடம் காரணமில்ல. கல்ஃபான் மாமா காரணமில்ல" என்றாள். "இங்க, தரையிலயே ஏதோ நடக்குது. வீட்டுப் பக்கம் போறதுக்கு முன்னாடி நீ என்னென்ன செய்யற? ஒண்ணு விடாம சொல்லு."

"என்ன செய்வேன்? பேட்டரி மாத்துவேன். தூள் போடுவேன். தொப்பி மாட்டுவேன். பிஸ்மி சொல்லிக் கிளப்புவேன்."

இருவரும் ஒரே நேரத்தில் பாயின் ஓரத்தைப் பார்த்தார்கள்.

அங்கே கிடந்தது உள்ளங்கையளவுத் துணித்தொப்பி. ஆண்கள் அணியும் கும்மாவைப்போல் வட்டமாக, விளிம்பில் நீலப் பூவேலையோடு இருந்தது. ட்ரோன் முற்றங்களின் மேலே பறக்கிறதே, அதன் கண்ணை மூடிவிட்டுப் போகட்டும் என்று பெண்கள் கேட்டு, நஸ்ரா மாமி தன் கையால் தைத்துத் தந்தது. அன்று ஸுவைனா மகரந்தம் வாங்க நிஸ்வாவுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது ஜிபிஎஸ்ஸின் கரிய குமிழுக்கு மேல் தொப்பி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அண்ணன், "நம்ம பையன் பெரிய மனுஷன் ஆயிட்டான்" என்றான். அவளும் சிரித்து விட்டுவிட்டாள். துணிதானே. துணி எந்தச் செயற்கைக்கோளையும் மறைக்காது. பையில் போட்ட போனுக்கு வழி தெரியாமலா போகிறது?

தொப்பியை எடுத்துக் கசக்கினாள். மொறுமொறுவென்று சத்தம் வந்தது.

தையலை ஓரமாகப் பிரித்தாள். துணிக்கும் துணிக்கும் நடுவே, காப்பித்தூள் பாக்கெட்டின் வெள்ளித்தாள் மடிப்பு மடிப்பாக வைத்துத் தைக்கப்பட்டிருந்தது.

ட்ரோனைக் களத்தில் வைத்துத் தொப்பியைக் கவிழ்த்தார்கள். திரையில் வலு சரிந்தது. எடுத்தார்கள். ஏறியது. மறுபடி கவிழ்த்தார்கள். முந்திர் குழந்தைபோல் அதையே செய்துகொண்டிருந்தான்.

"போதும், தேஞ்சிடப் போகுது. கேமரா கீழதானே இருக்கு? இதைப் போய் ஏன் மாமி கண்ணுன்னு நினைச்சாங்க? நீ சொல்லலையா?"

முந்திர் திருப்புளியைப் பார்த்தான். பிறகு பாயைப் பார்த்தான்.

"நான் வாசல்ல நின்னேன். உள்ள ஏழெட்டுப் பொம்பளைங்க. நான் தலையைக் குனிஞ்சு தரையைப் பாத்துட்டே நின்னேன், வேற எப்படி நிக்கிறது? மாமி ட்ரோனைக் கையில வாங்கி, 'இதுதானே தம்பி அந்தக் கண்ணு?'ன்னாங்க. நான் நிமிரல. 'ஆமா மாமி'ன்னேன்."

"எதைக் காட்டுறாங்கன்னு பாக்காமலேயேவா?"

"என் காலையும் அவங்க வாசப்படியையும்தான் பாத்தேன். நல்ல வாசப்படி."

ஸுவைனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போதே அடுத்தது புரிந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டால் ட்ரோன் பிழைத்துவிடும். ஆனால் ஏன் கழற்றினோம் என்று சொன்னால், இத்தனை நாளும் உண்மையான கண் கீழே திறந்தே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தொப்பி இருக்கிறதென்று நம்பித்தான் அந்தப் பெண்கள் முற்றத்தில் முக்காடில்லாமல் நடமாடினார்கள்.

"தூள்ல ஈரம்னு சொல்லிடலாமா?" என்றான் முந்திர் மெதுவாக.

"ஏற்கெனவே ஒருத்தர் கூரையைக் கைகாட்டிட்டு நிக்கிறேன். இன்னொரு பொய் வேண்டாம்."

*

மறுநாள் காலையில் ட்ரோனைக் கையில் ஏந்திக்கொண்டு ஸுவைனா தனியாக நஸ்ராவின் முற்றத்துக்குள் போனாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். பேரீச்சம்பழமும் காப்பியும் வந்தன. அவள் முதல் கோப்பையைக் குடித்து முடிக்கும்வரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"மாமி, இந்தக் கருப்புக் குமிழ் கண்ணு இல்ல" என்று தொடங்கினாள். "இது காது மாதிரி. மேல வானத்துல இருக்கிற சாட்டிலைட்டுங்க சொல்றதைக் கேட்டுத்தான் எங்க இருக்கோம்னு தெரிஞ்சுக்கும். பூமியில எதையும் பாக்காது. தொப்பிக்குள்ள இருந்த வெள்ளித்தாள் அதோட காதை அடைச்சிடுச்சு. அதனாலதான் வழி தவறுது."

நஸ்ராவின் கை காப்பிக் கூஜாவின் பிடியிலேயே நின்றது. "துணி மெல்லிசா இருந்துச்சு மகளே. ஊடுருவிப் பாத்துடுமோன்னு வச்சேன். அப்போ நான்தானா அதைக் கீழ தள்ளினது?"

"இல்ல மாமி. எங்க தப்பு. அண்ணன் நிமிந்து பாக்காம ஆமான்னு சொல்லிட்டான். நான் வந்தப்புறமும் கேக்கல." ட்ரோனைத் தலைகீழாகத் திருப்பினாள். அடிவயிற்றில் சின்னக் கண்ணாடி மினுங்கியது. "கண்ணு இங்க இருக்கு. இத்தனை நாளும் இதை மூடல."

மூலையில் இருந்த பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நல்லாருக்கு. தலைக்குத் தொப்பி போட்டுட்டு வேட்டியை அவுத்து விட்ட கதையா இருக்கு" என்றாள்.

ஒருத்தி சிரிப்பை அடக்கினாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

"என்ன பாத்துச்சுன்னு நீங்களே பாருங்க. பாத்துட்டு எதையெல்லாம் அழிக்கச் சொல்றீங்களோ அழிக்கிறேன்" என்று லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் பேரீச்சை உச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வெடித்த பாளைகள், மஞ்சள் தூள், மட்டைகள். பெண்களின் தோள்கள் கொஞ்சம் தளர்ந்தன. பிறகு, ட்ரோன் தடம் மாறிய இடத்தில், மட்டைகள் விலகி ஒரு முற்றம் தெரிந்தது. இதே முற்றம்தான்.

நடுவில் ஒரு ஆள். தலைக்கு மேலிருந்து பார்ப்பதால் கும்மாவும் தோளும்தான் தெரிந்தன. கைத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. அந்த ஆள் தடியில்லாமல், இரண்டு கைகளையும் லேசாக விரித்து, ஓர் அடி வைத்தார். நின்றார். இன்னோர் அடி வைத்தார். நிழல் முந்திக்கொண்டு நடந்தது. மட்டைகள் மறுபடி மூடிக்கொண்டன.

ஸுவைனா படபடத்து நிறுத்தப் போனாள். இதைத்தான் பார்த்திருக்கக் கூடாது, இதற்காகத்தான் இவர்கள் பயந்தார்கள். நஸ்ரா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னொரு தடவை போடு."

போட்டாள். ஓர் அடி. நிற்றல். இன்னோர் அடி.

"என்கிட்ட சொல்லவே இல்ல" என்றார் நஸ்ரா. "நான் தண்ணி எடுக்கப் போற நேரம் பாத்து நடந்திருக்காரு மனுஷன். விழுந்து வச்சா என்ன ஆகும்?" திட்டுவதுபோல்தான் தொடங்கினார். குரல் பாதியில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தார். "சரி. அழிச்சிடு. எல்லாத்தையும் எங்க முன்னாடி அழி. அவருக்குத் தெரியக் கூடாது, நான் பாத்தது."

அழித்தாள். மூலையில் இருந்த பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கடைசிப் படமும் மறையும்வரை திரையைக் கண்காணித்தாள். பிறகு கேட்டாள். "அது சரி. இனிமே இதை எப்படி நம்புறது?"

ஸுவைனா பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே, நஸ்ரா பிரித்த தொப்பியை எடுத்துப் பார்த்தார். ட்ரோனின் அடிவயிற்றுக் கண்ணாடிமேல் வைத்தார். விளிம்பைச் சுருக்கினால் சரியாகப் பொருந்தும்.

"இங்க வெள்ளித்தாள் இருந்தா கெடுதலா?"

"இல்ல மாமி. இங்க இருக்கலாம்."

"ஊசி கொண்டாங்கடி" என்றார் நஸ்ரா.

*

அஸருக்குப் பிறகு சப்லாக் கூட்டம் களத்துக்கே வந்துவிட்டது. சைஃப் பின் ஹிலால் முன்னால் நின்றார். காரணத்தைக் கேட்டு முடித்துவிட்டு, தாடியைத் தடவிக்கொண்டு, "காதை அடைச்சா வழி தப்பும். மனுஷனுக்கும் அதே கதைதான்" என்று மட்டும் சொன்னார். யார் தைத்தது என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும் என்பது அவர் கேட்காததிலேயே தெரிந்தது.

"கல்ஃபான் மாமா, உங்க பூஸ்டரைப் போடுங்க" என்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள் ஸுவைனா. "எல்லாரும் பாக்கட்டும். நான் உங்க மேல சொன்னது தப்பு."

"போட்ட பிறகு இது என் தொட்டியில விழுந்தா?"

"விழுந்தா தொட்டியை நானே கழுவித் தர்றேன்" என்றான் முந்திர்.

கல்ஃபான் உள்ளே போனார். முந்திர் பேட்டரி மாற்றினான், தூள் போட்டான், அடிவயிற்றில் தொப்பியை மாட்டிச் சுருக்கை இறுக்கினான். பிறகு தங்கையின் பக்கம் சாய்ந்து, "கண்ணைக் கட்டிக்கிட்டு வீட்டு மேல ஓட்டச் சொல்ற" என்று கிசுகிசுத்தான்.

"மரத்தோட இடமெல்லாம் அதுக்குத் தெரியும். காதைத் திறந்து விட்டிருக்கோம்ல. பிஸ்மி சொல்லு."

ட்ரோன் எழுந்தது. வாய்க்காலைத் தாண்டியது. எலுமிச்சை வரிசையைத் தாண்டும்போது மலைப் பக்கமிருந்து காற்று வீசி அதைச் சாய்த்தது. ஸுவைனா திரையைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தாள். ட்ரோன் சாய்ந்தபடியே தன் கோட்டில் நின்றது. முதல் மரத்தின் உச்சிக்கு நேராக வந்து, மூச்சு விடுவதுபோல் மஞ்சள் தூளை இறக்கியது. அடுத்த மரத்துக்குப் போனது. போன வருடம் ஹமூத் விழுந்த மரத்தின் மேலும் அதே நிதானத்தோடு நின்று, தூவி, நகர்ந்தது. கீழே அவர் வாசலில் தடியோடு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கதவு பாதி திறந்திருந்தது.

மாடியில் போன் அடித்தது. "ஆமா, ஆமா, கேக்குதும்மா, நல்லாக் கேக்குது" என்று கல்ஃபான் ஊருக்கே கேட்கும்படி கத்தினார். "கத்த வேணாமா? சரி, கத்தல. இங்க ஒரு விஷயம் நடக்குது, இரு, காட்டறேன்." போனை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தார்.

சைஃப் பின் ஹிலால் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். எதிர்த்து யாரும் வாய் திறக்கவில்லை.

"மகளே, நாளைக்குப் பள்ளிவாசல் பக்கத்து வரிசையை எடுத்துக்கோ" என்றார். "பேட்டரி சார்ஜ் பண்ண கரன்ட் வேணும்னா சப்லாவுல எடுத்துக்கலாம்."

வரிசை முடிந்து ட்ரோன் களத்தில் இறங்கியதும், ஸுவைனா பதிவை இறக்கித் திறந்தாள். எழும்பிய கணத்திலிருந்து இறங்கிய கணம்வரை எல்லாச் செயற்கைக்கோள்களும் ஒரே குரலில் பேசியிருந்தன. அதை முந்திரிடம் காட்டத் திரும்பினாள். அவன் அங்கே இல்லை. நஸ்ரா மாமியின் வாசலில், இரண்டாவது தொப்பி ஒன்றை வாங்கிக்கொள்ள நின்றுகொண்டிருந்தான். இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, "மாமி, எங்க மாட்டணும்னு தெளிவா வாயால சொல்லிடுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.